அசடு வழியாத அசடு

பண்பலை வானொலியிலும் பாட்காஸ்ட்டிலும் குரலால் சிரிக்க வைக்கும் தோழியருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தோழியருக்கு,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியாது, குரல் தெரியும். காலையில் குக்கர் மூன்றாவது விசில் அடிக்கும் நேரத்தில் உங்களில் ஒருத்தி ஏதோ சொல்வாள், நான் கரண்டியும் கையுமாக நின்று சிரிப்பேன். அந்தக் கடனுக்குத்தான் இந்த மடல். கூடவே ஒரு கேள்விக்குப் பதிலும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேட்டவள் என் அண்ணன் மகள்.

சில மாதங்களுக்கு முன் ஒரு வானொலி நிலையத்தில் அவளுக்குக் குரல் தேர்வு. பெயர் வேண்டாம். துணைக்கு நான் போயிருந்தேன். உள்ளே பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தாள். பின்னாலேயே வந்தவர் தன்மையாகத்தான் சொன்னார்: "குரல் கொஞ்சம் கீச்சுன்னு இருக்கும்மா. காலை ஷோவுக்கு செட் ஆகாது. லூசுப் பொண்ணு கேரக்டர் ஒண்ணு யோசிச்சிட்டு இருக்கோம். அதுக்கு வேணும்னா கூப்பிடறோம்." ஆட்டோவில் வரும்போது அவள் வாயே திறக்கவில்லை. வீட்டு வாசலில் இறங்கியதும் கேட்டாள்: "அத்தை, குரல் மெலிசா இருந்தா லூசுன்னு அர்த்தமா?"

அன்றைக்கு எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. இரவு படுத்த பிறகுதான் கிரேசி ஆலன் நினைவுக்கு வந்தார்.

அமெரிக்காவில் தொலைக்காட்சி வருவதற்கு முன், வரவேற்பறையில் வானொலிப் பெட்டியைச் சுற்றி வீடே உட்கார்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது. வானொலியின் பொற்காலம் என்பார்கள். 1930களில் தொடங்கி 1950களின் முற்பாதி வரை நீடித்தது. அந்தக் காலத்தில் மிக அதிகமாகச் சிரிக்க வைத்த பெண் குரல்களில் ஒன்று கிரேசி ஆலனுடையது. வானொலிக்கு வருவதற்கு முன் அவருக்குக் கிடைத்த பதில் என்ன தெரியுமா? 1930இல் என்.பி.சி. நிறுவனத்தில் நடந்த குரல் தேர்வில், குரல் கீச்சென்று இருக்கிறது, வானொலிக்குச் சரிப்படாது என்று திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டுதான் லண்டனில் பிபிசி வானொலியில் பேசிவிட்டு வந்திருந்தார். கடல் தாண்டிக் கேட்ட குரல் சொந்த ஊரில் எடுபடவில்லை.

கிரேசி சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். அப்பா மேடையில் ஆடிப் பாடுபவர். பின்னாளில் குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். அக்காமாரோடு சேர்ந்து ஐரிஷ் நடனம் ஆடியபடி வளர்ந்த பெண். எந்த ஆண்டு பிறந்தார் என்பதே ஒரு நகைச்சுவைத் துணுக்கு. 1906 ஜூலையில் பிறந்ததாகவும், பிறப்புச் சான்று சான் பிரான்சிஸ்கோ பூகம்பத்தில் அழிந்துவிட்டதாகவும் சொல்லி வந்தார். பூகம்பம் வந்தது அதே ஆண்டு ஏப்ரலில். நீங்கள் பிறப்பதற்கு முன்பே பூகம்பம் வந்துவிட்டதே என்று யாரோ மடக்கியபோது, அது ரொம்பப் பெரிய பூகம்பமாயிற்றே என்றாராம். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பார்த்தால் அவர் 1895இல் பிறந்தவர்.

அந்தப் பதிலைக் கொஞ்சம் கவனியுங்கள். மடக்கியவரிடம் அவர் நெளியவில்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நாக்கைக் கடித்துக்கொள்ளவும் இல்லை. பூகம்பத்தின் அளவைப் பெரிதாக்கி, தன் கணக்கைச் சரி செய்துவிட்டார். அவருடைய தொழில் முழுக்க இந்த ஒரு பதிலுக்குள் அடங்கிவிடும். மாட்டிக்கொண்டு நெளிவதற்கு நம் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: அசடு வழிதல். கிரேசி முப்பது வருஷத்துக்கும் மேல் அசடாக நடித்தார். ஒரு நாளும் அசடு வழியவில்லை.

1920களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 'வோட்வில்' என்றொரு கதம்ப மேடை இருந்தது. பாட்டு, ஆட்டம், சர்க்கஸ் வித்தை, நகைச்சுவை எல்லாம் அடுத்தடுத்து ஒரே மேடையில் நடக்கும்; குழு ஊர் ஊராகப் போகும். அங்கேதான் கிரேசியும் ஜார்ஜ் பர்ன்ஸும் ஜோடி சேர்ந்தார்கள். நகைச்சுவை வரிகளை எல்லாம் பர்ன்ஸ் தனக்கே எழுதி வைத்துக்கொண்டார். கிரேசிக்கு வெறும் கேள்விகள்தான்: அப்படியா, அப்புறம், ஏன். முதல் காட்சியில் நடந்தது வேறு. கிரேசி கேள்வி கேட்டபோதே கூட்டம் சிரித்தது. பர்ன்ஸ் நகைச்சுவை சொன்னபோது கூட்டம் சும்மா இருந்தது. அடுத்த காட்சிக்குள் பர்ன்ஸ் வரிகளை இடம் மாற்றிவிட்டார்: நகைச்சுவை உனக்கு, கேள்வி எனக்கு. இந்தக் கதையை அவரே வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தன் திறமையின் எல்லை தெரிந்த ஆண் கலைஞர்களைப் பார்ப்பது அரிது; அந்த மட்டில் அவருக்கும் ஒரு வணக்கம். 1926 ஜனவரியில் கிளீவ்லாந்தில் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

சாதாரணக் கேள்வியைக் கேட்டதற்கே கூட்டம் ஏன் சிரித்தது? தான் கேட்பது மிக முக்கியமான கேள்வி என்று நம்பிக் கேட்டார். அவ்வளவுதான். ஆனால் அந்த 'அவ்வளவுதான்' லேசுப்பட்டதல்ல. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கிரேசியின் நகைச்சுவைகளில் சமையலறையிலிருந்து வந்தவை பல. ஒன்றிரண்டைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அடுப்பில் இறைச்சி வேகப் போடும்போது ஒரு பெரிய துண்டும் ஒரு சின்னத் துண்டும் சேர்த்துப் போடுவாராம். ஏன் என்று கேட்டால், சின்னது கருகிவிட்டால் பெரியது வெந்துவிட்டது என்று அர்த்தம். இன்னொன்று: உப்பு டப்பாவில் மிளகுத்தூள், மிளகுத்தூள் டப்பாவில் உப்பு. ஏனென்றால் எல்லோரும் எப்போதும் டப்பாவை மாற்றித்தானே எடுக்கிறார்கள். இனி மாற்றி எடுத்தால் சரியாக வரும்.

இவற்றைக் கேட்டுவிட்டு, எங்கே தப்பு என்று ஒரு நொடி யோசித்துப் பாருங்கள். சட்டென்று பிடிபடாது. சின்னத் துண்டு கருகும்போது பெரியது வெந்திருக்கும், உண்மைதான். ஜனங்கள் டப்பாவை மாற்றி எடுக்கிறார்கள், அதுவும் உண்மைதான். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தர்க்கம் நிற்கும் தரைதான் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்ந்த தரையில் கிரேசி நேராக நடப்பார். பக்கத்தில் நிற்கும் பர்ன்ஸ்தான் தள்ளாடுவார். உரையாடல் முடியும்போது தோற்றுப் போனவர் புத்திசாலி, ஜெயித்தவர் அசடு.

தோழியரே, நான் சொல்ல வந்தது இதுதான். லூசுப் பெண்ணுக்கும் கிரேசிக்கும் உள்ள தூரம் இது. நம் சினிமாவிலும் வானொலியிலும் நாம் பார்த்த லூசுப் பெண் எப்படிப்பட்டவள்? அவளுக்கென்று ஒரு தர்க்கம் கிடையாது. மழை பெய்தால் குதிப்பாள், தப்புத் தப்பாக ஆங்கிலம் பேசுவாள், எல்லோரும் சிரித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொள்வாள். அவளை எழுதியவர்கள் அவளுக்கு மேலே நின்று எழுதுகிறார்கள். நாமும் மேலே நின்று சிரிக்கிறோம். கிரேசியை அப்படி மேலே நின்று பார்க்க முடியாது. அவர் சொல்வதைப் புரிந்துகொள்ளவே கேட்பவர் அவர் மண்டைக்குள் இறங்கியாக வேண்டும். இறங்கினால், அங்கே எல்லாம் துடைத்து வைத்த வீடு மாதிரி ஒழுங்காக இருக்கிறது. தமிழில் இரண்டு சொற்கள் இருக்கின்றன: அசடு, வெகுளி. அசட்டைப் பார்த்து உலகம் சிரிக்கும். வெகுளி பேசினால் உலகத்தின் மீதே நமக்குச் சந்தேகம் வந்துவிடும். கிரேசி வெகுளி.

இது மேடையைவிட வானொலியில் இன்னும் கடினம். மேடையில் ஒரு புருவம் உதவும், ஒரு கைவிரல் உதவும். ஒலிவாங்கிக்கு முன்னால் குரல் மட்டும்தான். குரலில் ஒரு துளி சிரிப்பு கசிந்தாலும், இது நகைச்சுவை, சிரித்துக்கொள்ளுங்கள் என்று நாமே காட்டிக் கொடுத்த மாதிரி. கிரேசி கசியவிடவே இல்லை. பழைய ஒலிப்பதிவுகள் இன்றும் இணையத்தில் கிடைக்கின்றன. பர்ன்ஸ் அண்ட் ஆலன் என்று தேடுங்கள். ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். அரங்கமே குலுங்கும் நேரத்தில் அந்தக் குரல் அடுத்த வரிக்காகப் பொறுமையாகக் காத்திருப்பது தெரியும்.

இத்தனைக்கும் அவருக்கு மைக் என்றால் பயம். மேடையில் ஆயிரம் பேர் முன்னால் பயப்படாதவர், இந்த உலோகத் துண்டுக்கு முன்னால் நடுங்கினார். ஆன் ஏர் விளக்கு எரியும் நொடியில் வயிற்றுக்குள் ஏதோ புரள்கிறதே என்று உங்களில் யாராவது வெட்கப்பட்டிருந்தால், வெட்கத்தை விடுங்கள். பெரிய துணை உங்களுக்கு இருக்கிறது.

என்.பி.சி. திருப்பி அனுப்பிய மறு ஆண்டு, 1931இல், எடி கேன்டர் என்ற நட்சத்திர நகைச்சுவையாளர் தன் வானொலி நிகழ்ச்சிக்குக் கிரேசியை அழைத்தார். ஜோடியாக இல்லை; கிரேசியை மட்டும். அந்த ஒரு குரல் கதவைத் திறந்துவிட்டது. 1932 பிப்ரவரியில் சி.பி.எஸ். வானொலியில், கை லொம்பார்டோவின் இசைக்குழு நிகழ்ச்சியில் பர்ன்ஸும் கிரேசியும் நிரந்தரமாக வந்து சேர்ந்தார்கள். கொஞ்ச நாளில் நிகழ்ச்சியே அவர்களுடையதாகிவிட்டது.

அப்புறம் நடந்தவற்றைப் பார்த்தால் இன்றைய வைரல் விளம்பரம் எல்லாம் பழைய கதை என்று தோன்றும். 1933 ஜனவரியில், காணாமல் போன என் சகோதரனைப் பார்த்தீர்களா என்று கேட்டபடி கிரேசி மற்றவர்களின் நிகழ்ச்சிகளுக்குள் திடீர் திடீரென்று நுழைய ஆரம்பித்தார். பாட்டு நிகழ்ச்சிக்கு நடுவே வருவார். நாடகத்துக்கு நடுவே வருவார். போட்டி நிறுவனத்தின் நிகழ்ச்சியில்கூட அவர் பேச்சு வந்தது. அந்தச் சகோதரனைப் பற்றிப் பேசக்கூடாது என்று என்.பி.சி. தடை போட்ட பிறகும் ரூடி வாலீ என்ற பாடகர் தன் நிகழ்ச்சியில் பேசிவிட்டார். நாடே அந்தச் சகோதரனைத் தேடியது. இதில் வம்பு என்னவென்றால் கிரேசிக்கு நிஜமாகவே ஒரு சகோதரர் இருந்தார். சான் பிரான்சிஸ்கோவில் கணக்கர் வேலை பார்த்துக்கொண்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்த மனிதர். நிருபர்களும் விளையாட்டுக்குக் கூப்பிடுபவர்களும் மொய்த்ததில் அவர் நிஜமாகவே ஊரை விட்டுத் தலைமறைவாக வேண்டியதாயிற்று. பிராங்க் கால் செய்யும் தோழிகள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அந்தச் சிரிப்புக்கு ஒருவர் விலை கொடுத்தார். அவரை யாரும் கேட்கவில்லை. கிரேசியின் கணக்கில் எனக்குப் பிடிக்காத வரவு இது ஒன்றுதான்.

1940இல் கிரேசி அமெரிக்க ஜனாதிபதி தேர்தலில் குதித்தார். கட்சியின் பெயர் 'சர்ப்ரைஸ் பார்ட்டி'. ஆங்கிலத்தில் பார்ட்டி என்றால் கட்சியும் உண்டு, விருந்தும் உண்டு. சின்னம் கங்காரு. ஒரு காரியம் கைகூடிவிட்டது என்பதற்கு அது பைக்குள் வந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்வார்கள். கங்காருவுக்குத்தான் பை இருக்கிறதே, அதையே முழக்கமாக்கிவிட்டார். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து ரயிலில் கிளம்பி, வழியில் நின்ற ஊர்களில் எல்லாம் பேசிக்கொண்டே நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரம் வரை போய், அங்கே கட்சி மாநாடும் நடத்தினார். நாட்டின் கடனைப் பற்றிக் கேட்டதற்கு, நாம் பெருமைப்பட வேண்டும், உலகத்திலேயே பெரிய கடன் நம்முடையதுதான் என்றார். வாஷிங்டனில் பெண் பத்திரிகையாளர்களின் விருந்துக்கு அவரைப் பேச அழைத்தவர் ஜனாதிபதியின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட். விளையாட்டுக்குத்தான் நின்றார் என்றாலும், ஒரு பெண் அந்த நாற்காலிக்கு ஆசைப்படுவதாகச் சொன்னதே அன்றைக்கு வேடிக்கையாக இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அசடு என்ற வேஷம் இருந்ததால் அரசியல்வாதிகளின் பேச்சை அவர்கள் முன்னாலேயே பேசிக்காட்ட முடிந்தது. யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

இன்னொரு கூத்தும் உண்டு: ஒற்றை விரல் பியானோக் கச்சேரி. பெரிய வாத்தியக் குழு சுற்றிலும் முழங்கும். கிரேசி நடுவில் உட்கார்ந்து ஆள்காட்டி விரலால் ஆரோகணம் வாசிப்பார். கடைசி ஸ்வரம் மட்டும் தப்பாக விழும். முகத்தில் கச்சேரி வித்துவானின் பெருமிதம் குறையாது. கார்னகி ஹாலில்கூட வாசித்தார். 1944இல் வந்த 'டூ கேர்ள்ஸ் அண்ட் எ செய்லர்' படத்தில் அந்தக் காட்சி இருக்கிறது, தேடிப் பாருங்கள்.

இப்போது உங்கள் தொழிலுக்கு நேரடியாக உதவும் ஒரு விஷயம். 1940களின் தொடக்கத்தில் நிகழ்ச்சிக்குக் கேட்பவர்கள் குறைய ஆரம்பித்தார்கள். என்ன காரணம் என்று பர்ன்ஸ் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் பிடிபட்டது: இருவருக்கும் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம் ஓடிவிட்டது, தத்தெடுத்த பிள்ளைகள் இருவர் பள்ளிக்கூடம் போகிறார்கள், இதெல்லாம் ஊருக்கே தெரியும். வானொலியில் மட்டும் கிரேசி இன்னும் கல்யாணமாகாத குமரி, பையன்களோடு கண்ணடித்துப் பேசுகிறவள். நகைச்சுவை பழசாகவில்லை, அவர்கள் வயதுக்குப் பொருந்தவில்லை. 1942இல் எல்லாவற்றையும் மாற்றினார்கள். வானொலியிலும் கணவன் மனைவி ஆனார்கள். வீடு வந்தது, அண்டை வீட்டார் வந்தார்கள், தபால்காரர் வந்தார். சோப்பு நிறுவனமும் காப்பித்தூள் நிறுவனமும் அடுத்தடுத்துப் புரவலர்களாக இருந்தன. நிகழ்ச்சி 1950 வரை வானொலியில் ஓடியது. பிறகு அப்படியே தொலைக்காட்சிக்குப் போயிற்று. நாற்பதைத் தாண்டிய பெண்ணுக்குச் சிரிப்பில் இடமில்லை என்று உங்களிடம் யாராவது சொன்னால், கிரேசி நன்றாக நிலைத்து நின்றதே அதற்கப்புறம்தான் என்று சொல்லுங்கள். வயதை மறைக்காமல் வேஷத்தை மாற்றினார்கள். அதுதான் சூட்சுமம்.

அவர் தனி ஆளும் அல்ல. ஃபேனி பிரைஸ் ஐம்பது வயதைத் தாண்டியும் 'பேபி ஸ்னூக்ஸ்' என்ற குறும்புக்காரச் சிறுமியாகப் பேசிக்கொண்டிருந்தார். 1951இல் இறக்கும்வரை அந்தச் சிறுமிக்கு வயது ஏறவே இல்லை. கெர்ட்ரூட் பெர்க், 1929இல் தொடங்கிய 'கோல்ட்பர்க்ஸ்' தொடரைத் தானே எழுதி, தானே நடித்தார். 'அவர் மிஸ் புரூக்ஸ்' தொடரில் பள்ளி ஆசிரியையாகப் பேசிய ஈவ் ஆர்டனுக்கு நிஜப் பள்ளிகளிலிருந்தே வேலைக்கு அழைப்பு வந்தது. லூசில் பால் வானொலிக்கு வந்த புதிதில் காகிதத்தைப் பார்த்துத் தயங்கித் தயங்கிப் படித்தார். நகைச்சுவையாளர் ஜாக் பென்னி எப்படிச் செய்கிறார் என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று எழுத்தாளர் டிக்கெட் கொடுத்து அனுப்பினார். பின்னாளில் உலகமே பார்த்த லூசில் பால், ஒலிவாங்கி முன் பாடம் படித்தவர்தான்.

ஹாட்டி மெக்டேனியலை மட்டும் அப்படிப் போகிற போக்கில் சொல்ல முடியாது. 'பியூலா' என்பது ஒரு கறுப்பினப் பணிப்பெண் பாத்திரம். வானொலியில் முகம் தெரியாது அல்லவா? அந்தப் பாத்திரத்தை முதலில் பேசியது ஒரு வெள்ளைக்கார ஆண். அவர் இறந்த பின் இன்னொரு வெள்ளைக்கார ஆண். 1947 நவம்பரில்தான் அது ஹாட்டி மெக்டேனியலின் கைக்கு வந்தது. ஏழு வருஷம் முன்பே ஆஸ்கர் வாங்கியவர் அவர். அமெரிக்க வானொலியில் ஒரு கறுப்பினப் பெண் நகைச்சுவைத் தொடருக்குத் தலைமை தாங்கியது அதுவே முதல் முறை. பணிப்பெண் வேஷம்தானா என்று அவருடைய சமூகத்திலேயே கண்டனம் எழுந்தது. ஆனால் கொச்சைப்படுத்திய பேச்சு நடையில் பேச மாட்டேன் என்பதில் அவர் உறுதியாக நின்றார். உங்களில் யாரிடமாவது, நம் ஊர் வீட்டு வேலைக்காரப் பெண் பாஷையில் ஒரு கேரக்டர் பண்ணும்மா என்று கேட்டால், ஹாட்டி எந்த இடத்தில் கோடு போட்டார் என்று ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

கிரேசியிடம் திரும்புகிறேன். இரண்டு சின்ன விவரங்கள் சொல்ல வேண்டும்.

ஒன்று, அவருடைய சட்டைக் கை. சின்ன வயதில் கொதிக்கிற பாத்திரம் கவிழ்ந்து ஒரு கை வெந்துவிட்டது. தழும்பு போகவில்லை. வாழ்நாள் முழுக்க நீளக் கை வைத்த ஆடைகளையே அணிந்தார். பார்த்தவர்கள் அதை அவருடைய நாகரிகம் என்று நினைத்தார்கள்.

இரண்டாவது, பர்ன்ஸின் சுருட்டு. மேடையில் அவர் கையில் எப்போதும் சுருட்டு புகையும். காட்சிக்கு முன் பர்ன்ஸ் காலி மேடைக்குப் போய், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பாராம். புகை கிரேசியின் முகத்தில் பட்டால் கூட்டம் தன்னை வெறுத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். கிரேசி என்ன உளறினாலும் அவரை யாரும் அதட்டக்கூடாது, கேலி செய்யக்கூடாது, புகைகூடப் படக்கூடாது. ரசிகர்களுக்கு அவர் அப்படி ஆகிப்போனார். லூசுப் பெண்ணுக்கு நாம் இப்படிப் பதறியதுண்டா? ஒரு பாத்திரத்துக்கு மரியாதை இருக்கிறதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்: புகை பட்டால் நமக்கு வலிக்கிறதா?

எல்லாம் பூச்சரம் போலத் தொடுத்துச் சொல்லிவிட்டு முள்ளை மறைப்பது நியாயமில்லை. கிரேசியின் வசனங்களைக் கிரேசி எழுதவில்லை. பர்ன்ஸ், அவருடைய தம்பி வில்லி, பால் ஹென்னிங் முதலான எழுத்தாளர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து எழுதினார்கள். உலகின் மிகப் புகழ்பெற்ற பெண் மனத்தின் தர்க்கம் ஆண்கள் அறையில் தயாரானது. அதற்கு உயிர் கொடுத்தது அவர் என்பதில் சந்தேகமில்லை. எழுதும் மேசையில் அவருக்கு நாற்காலி இருந்ததா என்று கேட்பதிலும் தப்பில்லை. அடுத்தது உடம்பு. வருஷக்கணக்காக ஒற்றைத் தலைவலி, பிற்காலத்தில் இதயக் கோளாறு. வானொலியிலாவது காகிதம் கையில் இருந்தது. தொலைக்காட்சியில் நேருக்கு மாறான அந்த வசனங்களை எல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டும். சாதாரண வசனத்தை மறந்தால் அடுத்த வரியை ஊகித்துச் சமாளிக்கலாம். கிரேசியின் வரியை ஊகிக்க முடியாது. அது போக வேண்டிய திசையில் போகவே போகாது.

1958 ஜூனில் கடைசிக் காட்சியை நடித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். உச்சியில் இருந்தபோதே போதும் என்றார், திரும்பி வரவில்லை. பர்ன்ஸ் அதே ஆட்களை வைத்துத் தன் பெயரில் தொடரை நடத்திப் பார்த்தார். ஒரு பருவத்தோடு அது முடிந்துவிட்டது. புத்திசாலி மட்டும் இருந்தார், அசடு இல்லை, நிகழ்ச்சி நிற்கவில்லை. யார் யாரைத் தாங்கிக்கொண்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ஒரு கட்டுக்கதையையும் தீர்த்துவிடுகிறேன். நிகழ்ச்சி முடிவில் பர்ன்ஸ், குட்நைட் சொல்லு கிரேசி என்பார். உடனே கிரேசி 'குட்நைட் கிரேசி' என்று சொல்வார் என்றுதான் உலகம் நம்புகிறது. அவர் அப்படிச் சொல்லவில்லை. வெறும் குட்நைட் மட்டும்தான் சொன்னார். தயாராகக் கிடந்த ஒரு நகைச்சுவையைத் தொடாமல் விட்டுப் போனார். எதைச் சொல்லக்கூடாது என்று தெரிந்தவர்.

தோழியரே, என் வேண்டுகோள் மூன்றுதான். உங்கள் குரலை யாராவது கீச்சு என்றால், மெலிசு என்றால், கரகரப்பு என்றால், அதைக் குறையாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வராதீர்கள். அந்தக் குரலில் பேசும் பெண் யார் என்று யோசியுங்கள். அசட்டு வேஷம் வந்தால் மறுக்க வேண்டியதில்லை. இவளுடைய தர்க்கம் என்ன, உரையாடல் முடியும்போது ஜெயிப்பது யார் என்று இரண்டு கேள்விகள் கேளுங்கள். பதில் இல்லாத வேஷத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மூன்றாவது, எழுதும் அறைக்குள் போங்கள். கூப்பிட மாட்டார்கள்; நாற்காலியை நீங்களே இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

என் அண்ணன் மகளிடமும் இதைத்தான் சொன்னேன். அந்த லூசுப் பெண் வேஷத்துக்கு அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்விகளோடு போகிறாள்.

கிரேசி ஆலன் 1964 ஆகஸ்டில் மாரடைப்பால் காலமானார். பர்ன்ஸ் அதன் பின் முப்பத்தோரு ஆண்டுகளுக்கு மேல் இருந்து, நூறு வயதை முடித்துவிட்டு, 1996இல் போய் அவர் பக்கத்தில் சேர்ந்தார். கலிஃபோர்னியாவில் க்ளென்டேல் நகரத்துக் கல்லறையில் இருவர் பெயரும் பொறித்திருக்கிறது. கிரேசி பிறந்த ஆண்டு 1902 என்று இருக்கிறது. கல்லறைக் கல்வரை அந்தப் பூகம்பத்தின் ஆட்டம் போயிருக்கிறது. ஜோடியின் பெயர் வோட்வில் காலத்திலிருந்தே பர்ன்ஸ் அண்ட் ஆலன்தான். அந்தக் கல்லில் மட்டும் கிரேசியின் பெயர் முதலில் இருக்கிறது. பர்ன்ஸ் விரும்பியது அப்படித்தான்.

நீங்கள் கல்வரை காத்திருக்க வேண்டாம். நிகழ்ச்சி தொடங்கும்போதே உங்கள் பெயரை முதலில் சொல்லச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் காலை நேரத்து நேயர் ஒருத்தி